கர்த்தருக்குச் சித்தமானால், ஞாயிறு நாலு மணிக்கு

மதுரையில் தொடங்கி பாளையங்கோட்டை, டோனாவூர், வடக்கன்குளம், காற்றாடிமலை, நாகர்கோவில், புலியூர்குறிச்சி. ஐந்து நாள், அம்மாவும் மகளுமாய். திரும்பி வந்து இரண்டு நாளாகியும் இடது முட்டில் வீக்கம் வடியவில்லை. ராத்திரிதோறும் எழுதி வைத்ததை அப்படியே போடுகிறேன். மகளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் போடுகிறேன்.

11 ஜூலை 2024, வியாழன். பாளையங்கோட்டை

கோவில்பட்டி தாண்டி நாலைந்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பஸ் புகைவிட்டு நின்றுவிட்டது. பின்னால் வரும் வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்றார் கண்டக்டர். வந்த வண்டி எதிலும் காலூன்ற இடமில்லை. இரண்டே கால் மணி நேரம் ரோட்டோரம். கரிசல் காட்டில் ஒதுங்க ஒரு வேப்பமரமும் ஒரு டீக்கடையும்தான். கடைக்கார அக்கா உள்ளே கிடந்த பெஞ்சை ஒற்றை ஆளாய்த் தூக்கி வந்து மரத்தடியில் போட்டு, "வயசானவுக மொதல்ல உக்காருங்க" என்றார். டீ 12 ரூபாய். தண்ணீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்று விட்டார்.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. என் மகள் எழுந்து போய், அவரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பையின் மேல் வைத்து, கடைக்காரரிடம் உப்பும் சீனியும் வாங்கிக் கலக்கிக் கொடுத்து, அவர் எழுந்து உட்காரும்வரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே, இந்தக் கை எதற்கு அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்ற கோபமும் வந்தது.

கோபத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலூரில் நர்சிங் படித்தாள். எங்கள் சபை ஸ்பான்சர் செய்தது. அதற்கு ஈடாக இரண்டு வருஷம் ஏதாவது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒடிசாவில் ஒரு மலைப்பகுதிக்குப் போனாள். இரண்டு வருஷம் ஏப்ரலோடு முடிந்தது. வந்துவிடுவாள் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, "அம்மா, நான் இங்கேயே இருந்திடலாம்னு ஜெபிக்கிறேன்" என்று போனில் சொன்னாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளுக்கு 26 வயது.

லீவில் வந்தவளை, டோனாவூரும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளையின் இடங்களும் பார்த்து வருவோம் என்று அழைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நாகர்கோவிலில் ஒரு வரன். மாப்பிள்ளை துபாயில் இன்ஜினியர், நல்ல குடும்பம், நம் சபை. கிளம்புமுன் அவர்களுக்கு நான் அனுப்பிய செய்தி: "கர்த்தருக்குச் சித்தமானால் ஞாயிறு மாலை 4 மணிக்கு வருகிறோம்." மகளுக்குத் தெரியாது.

பாளையங்கோட்டை வந்து சேர மத்தியானம் ஒன்றரை ஆகிவிட்டது. தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் கண்ணில் பட்டதும்தான் மூச்சு வந்தது. பெரியம்மாவுக்கு 83 வயது. இன்னும் தன் கையால்தான் குழம்பு வைக்கிறார். ஆட்டுக்கறிக் குழம்பும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அடுப்படியில் என்னைத் தனியாய் நிறுத்தி, "பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் அப்பளம் பொரிக்கப் போய்விட்டார்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில், என் கணவரின் சர்க்கரை, வழியில் நின்றுபோன பஸ்ஸின் டிரைவர், நாய் கடித்த பால்காரர் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லி ஜெபித்தார். நாகர்கோவில் காரியத்தை மட்டும் சொல்லவில்லை. மறந்தா விட்டிருப்பார்!

12 ஜூலை, வெள்ளி. டோனாவூர்

களக்காட்டில் இறங்கி டவுன் பஸ். மகளிர்க்குக் கட்டணம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வாழை, வாழை, வாழை. மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி மடியில் ஏத்தன் சீப்பு ஒன்று வைத்திருந்தார். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டோனாவூர் என்ற பெயர் நம்மூர்ப் பெயர் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் அது டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர். இங்கே கோயில் கட்ட அவர் பணம் கொடுத்தார். அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் இங்கே வந்து தங்கினார். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண்குழந்தைகளுக்கு வீடானார். 1895-ல் இந்தியா வந்தவர், 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. 55 வருஷம்.

செம்மண் நிறச் சுவர்களும் மரநிழலுமாய் வளாகம் அமைதியாக இருந்தது. பெருக்கிய மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் கலையாமல் இருந்ததால் நடக்கவே தயக்கமாய் இருந்தது. எங்களைச் சுற்றிக் காட்ட வந்தவருக்கு எழுபது இருக்கும். இங்கேயே வளர்ந்தவராம். பெயர் கேட்டேன், "அக்கான்னு கூப்பிடுங்க, போதும்" என்றார். பிள்ளைகளை வளர்க்கும் பெண்களை இங்கே அந்தக் காலத்திலிருந்தே அக்காள் என்றுதான் அழைப்பார்கள்.

அம்மையார் கல்லறையில் பெயர்க்கல் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் "அம்மை" என்று மட்டும். நாங்கள் நிற்கும்போது ஒரு தவிட்டுக்குருவி வந்து முங்கிச் சிலுப்பிக்கொண்டு போயிற்று.

அக்கா சொன்ன கதைகளில் ஒன்று எல்லா ஞாயிறு பள்ளியிலும் சொல்வதுதான். மூன்று வயதில் ஏமி, தன் பழுப்புக் கண்ணை நீலமாக்கும்படி ஜெபித்துவிட்டுத் தூங்கி, காலையில் கண்ணாடிக்கு ஓடிப் பார்த்தாளாம். அதே பழுப்பு. பிற்பாடு சேலை கட்டி, காப்பித்தூளால் கைமுகத்தை நிறம் மாற்றிக்கொண்டு கோயில்களுக்குள் போய் விவரம் அறிய வேண்டி வந்தபோது, நீலக் கண் இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருப்பார்கள். இதை நானே எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று கேட்கும்போது கொஞ்சம் சங்கடமாயிருந்தது. அந்தக் கதையில் காரணம் பின்னால் தெரிந்துவிடுகிறது. காரணம் தெரிந்தபின் ஒப்புக்கொள்வது பெரிய காரியமா?

அதற்கு பதில் போல அக்கா அடுத்ததைச் சொன்னார். 1931 அக்டோபர் 24. ஊழியத்துக்கு என்னைத் தகுதியாக்க என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று அன்று காலை அம்மையார் ஜெபித்தாராம். சாயங்காலம் களக்காட்டில், மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் தெரியாமல் ஒரு குழியில் விழுந்தார். காலும் முதுகும் போயிற்று. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையில்தான். இதற்குக் காரணம் என்ன என்று யாரும் விளக்கவில்லை, அக்காவும் விளக்கவில்லை. "அந்த ரூம்ல இருந்துதான் எழுதுனாங்க. வலிதான். சொல்லமாட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொன்று. 1892 ஜனவரியில், தூர தேசத்துக்கு ஊழியத்துக்குப் போகும்படி அழைப்பு வந்ததாக உணர்ந்து, ஏமி தன் தாய்க்குக் கடிதம் எழுதினார். ஏழு பிள்ளைகளில் மூத்தவள் இவள்தான். அப்பா இறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. விதவைத் தாய் பதில் எழுதினார்: இத்தனை வருஷம் அவர் உன்னை எனக்குக் கடனாகக் கொடுத்திருந்தார், போ என்கிற கருத்தில். பின்னால் அந்தத் தாயே கப்பலேறி டோனாவூர் வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தாயைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. கடிதம் எழுதுமுன் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ. அடுப்பங்கரையில் நின்று எத்தனை தடவை "மாட்டேன்" என்று சொன்னாரோ. மகள் எதிரில்தான் நின்றிருந்தாள். நான் முட்டு வலி என்று திண்ணையில் உட்கார்ந்தேன். வலியும் இருந்தது.

மத்தியானம் களக்காட்டில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 90 ரூபாய். அவியலில் தேங்காயெண்ணெய் மணம் தொடங்கிவிட்டது. நாஞ்சில் பக்கம் வந்துவிட்டோம் என்பதை நாக்குதான் முதலில் சொல்கிறது.

13 ஜூலை, சனி. வடக்கன்குளம், காற்றாடிமலை, கோட்டாறு

நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபை. என் அம்மா இருந்திருந்தால் ஆர்.சி. (கத்தோலிக்க) கோயில்களுக்கு இப்படி வரிசையாய்ப் போகச் சம்மதித்திருக்க மாட்டார். ஆனால் தேவசகாயம் பிள்ளை யாருக்கும் தனிச்சொத்து அல்ல.

1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை அதிகாரி. மாடுகள் செத்து, பயிர் கெட்டு, நஷ்டத்துக்கு மேல் நஷ்டமாய் மனம் உடைந்திருந்த நேரத்தில், டி லனாய் என்ற டச்சுப் படைவீரர் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசரு என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். நாலு வருஷத்தில் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள்.

வடக்கன்குளம் கோயில் பெரியது, அழகானது. அதே கோயில்தான், ஒரு காலத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக, நடுவில் சுவர் வைத்துக் கட்டப்பட்டது. இரண்டு கை போல விரிந்த கட்டடம். அவரவர் பக்கத்திலிருந்து பீடம் தெரியும். அடுத்த பக்கத்து மனிதர் தெரியமாட்டார். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரை இடித்தார்கள். எல்லாச் சாதியாரோடும் சமமாய் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் இப்படி ஒரு சுவர். கட்டியவர்களும் தினம் ஜெபித்தவர்கள்தான், உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்று சொன்னவர்கள்தான். தங்கள் விருப்பத்தைக் கல்லும் சுண்ணாம்புமாய் எழுப்பிவிட்டு அதற்குள் முழங்கால் போட்டிருக்கிறார்கள். இதில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்ற வித்தியாசம் இல்லை. எங்கள் பக்கத்துக் கதைகளும் எனக்குத் தெரியும்.

ஆரல்வாய்மொழி. ஜூலையில் இந்தக் கணவாயில் வீசுவதைக் காற்று என்று சொன்னால் போதாது. முப்பந்தலில் காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றுகின்றன. ஆட்டோக்காரர் 150 கேட்டு, என் முட்டைப் பார்த்துவிட்டு 100 போதும் என்றார். "குடைய எடுக்காதிய மக்களே, பறக்கும்" என்றும் சொன்னார். சாரல் விழுந்தது, எடுத்துவிட்டேன். மூன்றே வினாடியில் கம்பிகள் வெளிப்பக்கமாய் மடங்கி, துணி பிய்ந்து, பாறைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. நாகர்கோவிலில் புதிது 280 ரூபாய்.

மேலே ஒரு பாறை இருக்கிறது, மணியடிச்சான் பாறை. கல்லால் தட்டினால் மணி போல ஒலிக்கிறது. பிள்ளையவர்கள் உயிர் விட்டபோது ஒலித்தது என்கிறார்கள். பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் எனக்கு எங்கே தட்ட வேண்டும் என்று காட்டித் தந்தார்கள். "அங்க இல்ல ஆன்ட்டி, இங்க." உண்மையிலேயே மணி.

அந்த இடத்தில்தான் சொன்னேன். லாட்ஜில் சொல்லியிருக்கலாம், ஆட்டோவில் சொல்லியிருக்கலாம். மூன்று நாளாய் நெஞ்சில் கிடந்தது அங்கே வந்து முட்டியது. "நாளைக்குச் சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போகணும்" என்றேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "என்னம்மா?" மூன்றாவது தடவை, மலைக்கே கேட்கும்படி கத்தினேன்: "உன்னப் பொண்ணு பாக்கக் கூப்பிட்டிருக்காங்க!"

அவள் பக்கத்தில் வந்து காதோரம் சொன்னாள். "தெரியும்மா. அப்பா புதன்கிழமையே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா வந்த? ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கோபமாய் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். தெரிந்தே பஸ் ஏறி, வெயிலில் நின்று, என் முட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, மூன்று நாள் காத்திருந்திருக்கிறாள். கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள்.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் கோயில். தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இங்கேதான். சனிக்கிழமைக் கூட்டம் அலைமோதவில்லை. எனக்கு முன்னால் ஒரு மீனவப் பாட்டி, தலையில் முக்காட்டோடு, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். "உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல மண்ணுலகிலும் நிறைவேறுக." நாங்கள் "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்போம். முப்பது வருஷமாய்த் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், இதை நின்று யோசித்ததில்லை. சித்தம் என்று சொல்லிச் சொல்லி அது எனக்கு மேலிடத்து உத்தரவு போல ஆகிவிட்டது. கையெழுத்தாகி வந்துவிட்டது, இனி மேல்முறையீடு இல்லை என்பது போல. திருவுளம் என்னும்போது அதில் ஒரு உள்ளம் இருக்கிறது. உள்ளம் இருப்பவரிடம் பேசலாம், அழலாம், கேட்கலாம். அந்தப் பாட்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்; உதடு நிற்கவே இல்லை.

14 ஜூலை, ஞாயிறு. நாகர்கோவில்

காலையில் ஆராதனை. நன்றாகப் பாடினார்கள். அறிவிப்புகளில் போதகர் ஐயர் மூன்று திருமண ஓலைகள் வாசித்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் தெரியாத முகங்கள் எல்லாம் "ஸ்தோத்திரம், எந்த ஊரு?" என்று கை கொடுத்தன. ஒரு அம்மா எங்களை வீட்டுக்கே சாப்பிடக் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர்களின் இந்த உபசாரம் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான். போக முடியவில்லை. மரச்சீனிக்கிழங்கு மயக்கியதும் சாளை மீன் கறியும் ஓட்டலில் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கு 260.

நாலு மணி.

வீடு சுத்தம், மனிதர்கள் மரியாதை. அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, ஏத்தம்பழ அப்பம், கருப்பட்டிக் காப்பி. பையன் லீவில் வந்திருக்கிறார், கூச்சப்படுகிறவர். குறை சொல்ல எதுவுமில்லை. அப்போது பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாங்க மூணு நாளு உபவாசம் இருந்து ஜெபிச்சோம். இதுதான் தேவசித்தம்னு ஆண்டவர் உறுதியா சொல்லிட்டாரு."

நல்ல மனதோடு சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் காதில் விழுந்தது என் குரல். ஏப்ரலிலிருந்து நான் மகளிடம் போனில் சொன்னதெல்லாம் அதுதான். உனக்குக் குடும்பம் அமைவதுதான் தேவசித்தம். நீ பக்கத்தில் இருப்பதுதான் தேவசித்தம். அவள் சித்தத்தை அவள் ஒப்புக்கொடுக்கும்படி நான் கேட்டேன். என்னுடையதை நான் தொடவே இல்லை. என்னுடையதற்குத்தான் கர்த்தரின் பெயர் வைத்துவிட்டேனே.

மகள் தலை குனியவில்லை, குரலும் உயரவில்லை. "எங்கிட்டயும் அவர் சொல்லுவார்தானே ஆன்ட்டி? சொன்னா நானே உங்களுக்குப் போன் பண்றேன்."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பையனின் அப்பா, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், அவர்தான் காப்பாற்றினார். "ஒடிசாவுல எந்தப் பக்கம் பிள்ளே? மலேரியா உண்டோ அங்க?" என்று ஆரம்பித்தார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மலேரியாவும் உண்டு, அரிவாள் வடிவ ரத்தச்சோகையும் உண்டு என்று தொடங்கி, அரைமணி நேரம் பேசினாள். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு மூங்கிலில் கட்டி, புருஷனும் மூன்று பேருமாக மலையிலிருந்து சுமந்து வந்தது. ரத்தம் இல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு இவளும் சமையல்காரரும் ரத்தம் கொடுத்தது. பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. அந்தப் புருஷன் மறுநாள் காலையில், சுமந்து வந்த மூங்கிலைக் கழுவி, ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான், அடுத்தவருக்கு ஆகட்டும் என்று.

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தினம் போன் பேசுகிறேன். சாப்பிட்டியா, எப்போ வார, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர் கேட்டார், சொல்கிறாள்.

கிளம்பும்போது அந்த அம்மா மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். முந்திரிக்கொத்து ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தார்கள். பெருந்தன்மையான வீடு.

ராத்திரி லாட்ஜில் அவள் தூங்கிவிட்டாள். மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. லூக்கா 22-ஐத் திறந்தேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு செய்த ஜெபம்: "பிதாவே, உமக்குச் சித்தமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும், ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." நாம் எல்லோரும் பின்பாதியைத்தான் சுவரில் மாட்டுகிறோம். முன்பாதியும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். மத்தேயு எழுதியபடி பார்த்தால் மூன்று தடவை ஜெபித்திருக்கிறார். தமக்கு வேண்டியது இன்னது என்று மறைக்காமல் கேட்டார். இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஜெபத்தை அவர் தம் பாத்திரத்தைப் பற்றி ஜெபித்தார். பேதுருவின் பாத்திரத்தைப் பற்றி அல்ல. யோபுவைச் சுற்றி உட்கார்ந்து அவனுக்குக் கடவுளை விளக்கிய சிநேகிதர்கள் மேல்தான் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வருகிறது.

நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து (முழங்கால் போட முட்டு விடவில்லை) முதல் தடவையாக நேரே கேட்டேன். ஆண்டவரே, இது உம்முடைய சித்தம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. இது என்னுடையது. என் பிள்ளை எனக்குப் பக்கத்தில் வேண்டும். வயதாகிறது, பயமாயிருக்கிறது. இந்தப் பாத்திரம் நீங்கட்டும்.

பிறகு "ஆயினும்" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வெகுநேரம் அந்த ஒரு சொல்லிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்தேன்.

15 ஜூலை, திங்கள். புலியூர்குறிச்சி, பிறகு ரயில்

காலையில் மழை விட்டிருந்தது. புலியூர்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் பிள்ளையவர்கள் முட்டுக் கையால் பாறையை இடித்துத் தண்ணீர் வந்ததாக நம்பிக்கை. சின்னக் குழிதான். பாட்டில் கொண்டுவந்து எடுத்துப் போகிறார்கள். நானும் ஒரு கை எடுத்து முட்டில் தடவினேன்.

பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. உள்ளே மான்கள், மரங்கள், ஈர மண்வாசனை. கூரையில்லாத ஒரு சின்னக் கோயிலுக்குள் டி லனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1741-ல் குளச்சல் சண்டையில் திருவிதாங்கூரோடு போரிட வந்து, தோற்று, கைதியானவர். அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, 1777-ல் இங்கேயே இறந்தார். இந்த மண்ணில் தங்கும் யோசனையோடு அவர் கப்பலேறியிருக்க மாட்டார். அந்தக் கைதி சொன்ன யோபு கதையில்தான் மற்றதெல்லாம் தொடங்கியது. மகள் தமிழ் எழுத்தை விரலால் தடவி வாசிக்க முயன்றாள். கோட்டைக் காவலாளி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தூறல் மறுபடி தொடங்கியிருந்தது.

சாயங்கால ரயில். நான் மதுரையில் இறங்க வேண்டும். அவள் சென்னை போய், அங்கிருந்து புவனேஸ்வர், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கடையில் நிறுத்தச் சொன்னேன். ஏத்தங்காய் சிப்ஸ் கிலோ 400. சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், தேங்காயெண்ணெய் வாசம் தெரு முனைவரை.

"எனக்கு கால் கிலோ போதும்மா."

"உனக்கு இல்ல. குவார்ட்டர்ஸ்ல எத்தன பேரு இருக்கீங்க?"

"நர்ஸ் ஒன்பது பேரு."

"அந்தச் சமையல்காரரு?"

என்னைப் பார்த்தாள். "அவர் வீட்ல நாலு பேரு."

தனித்தனியாகப் பொட்டலம் போடச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொன்றாய்க் கட்டக் கட்ட எண்ணிக்கொண்டிருந்தேன். மட்டிப்பழம் தாங்காது என்றார், செவ்வாழை தாங்கும் என்றார். ரயிலில் பை வைக்க இடமில்லாமல் சிப்ஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வள்ளியூர் தாண்டும்போது காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் இருட்டில் தெரிந்தன. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"டிசம்பர்ல அங்க குளிர் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"ரொம்ப இருக்கும்மா. ஏன்?"

"அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சா எனக்கு லீவுதான."

நிமிர்ந்து உட்கார்ந்து, போனை எடுத்து, ஆஸ்பத்திரி கெஸ்ட் ரூமின் படத்தைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை. சுவரோரமாக ஒரு மூங்கில் சாய்ந்திருந்தது.